விமானத்தை உலுக்கும் அலைகளைச் செயற்கைக்கோள் படத்தில் தேடுவது: ‘ஸ்லைடர்’ இணையச் சேவை பற்றி ஒரு டிஸ்பாட்சரின் மதிப்பீடு

‘ஸ்லைடர்’ என்ற இணையச் சேவையை வேலை நாள்களில் தவறாமல் திறக்கிறேன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ‘சிரா’ என்ற வளிமண்டல ஆய்வு நிறுவனம் அதை நடத்துகிறது. வானிலைச் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களை, எடுத்த சில நிமிடங்களுக்குள், நுணுக்கம் குறையாமல், அசையும் படமாக ஓடவிட்டுக் காட்டுவதே அதன் பணி. கட்டணம் கிடையாது. பெயர் பதிய வேண்டியதில்லை. உலாவியைத் திறந்தால் போதும்.

புயலின் கண்ணையும் காட்டுத்தீயின் புகையையும் பார்ப்பதற்கு இங்கே வருகிறவர்கள் ஏராளம். அந்தப் பயன்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். விமானங்களை நடுவானில் உலுக்கும் வளிமண்டல அலைகளைக் கண்டுபிடிக்க இது எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். நான் விமான டிஸ்பாட்சர். வட பசிபிக்கைக் கடக்கும் விமானங்களுக்கு வழி, உயரம், எரிபொருள் ஆகியவற்றைத் தீர்மானித்து, அவை தரையிறங்கும் வரை வானிலையைக் கவனித்து விமானிகளுக்குத் தகவல் அனுப்புவது என் வேலை. அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்ததன் விளைவுதான் இந்த மதிப்பீடு.

விமானத்தை உலுக்கும் காற்றுக் கொந்தளிப்பைப் பற்றிய தகவல் எங்களுக்கு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, கணினி மாதிரிகள் தரும் முன்கணிப்பு. அமெரிக்காவின் என்கார் ஆய்வு மையம் உருவாக்கிய ‘ஜி.டி.ஜி.’ அவற்றில் பெயர்பெற்றது. முன்கணிப்பு பரந்த பகுதிக்கு வண்ணம் பூசிக் காட்டும். அந்தப் பரப்பில் எந்த மூலை குலுக்கும் என்று சொல்லாது. இன்னொன்று, அந்த வழியே போன விமானங்கள் தரும் அறிக்கை. விமானியின் வாய்மொழி அறிக்கையும் உண்டு. கொந்தளிப்பின் வலிமையை விமானமே தானாக அளந்து அனுப்பும் ‘இ.டி.ஆர்.’ எண்ணும் உண்டு. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐக்காவோவின் விதிப்படி அந்த எண் 0.20-ஐத் தொட்டால் மிதமான கொந்தளிப்பு, 0.45-ஐத் தொட்டால் கடுமையானது. இந்தத் தகவல் நம்பகமானதுதான். ஆனால் அது கிடைப்பதற்கு ஒரு விமானம் ஏற்கெனவே அடிபட்டிருக்க வேண்டும். முன்கணிப்புக்கும் அடிபட்டவர் சொல்லுக்கும் நடுவில், யாரும் அடிபடுவதற்கு முன்பே கண்ணால் பார்க்கக்கூடிய சான்று ஒன்று வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் நான் தேடுவது அதைத்தான்.

மலைத்தொடரின் குறுக்கே பலமான காற்று வீசும்போது, அடுக்கடுக்காக அமைதியாக இருந்த காற்று மேலே தள்ளப்படுகிறது. மேலே போன காற்று சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்குகிறது. இறங்கிய வேகத்தில் தன் நிலையைத் தாண்டிப் போய் மறுபடி எழுகிறது. இந்த ஏற்ற இறக்கம் மலைக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளலாம். மேலேயும் பரவும். உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால் அலையின் வீச்சு பெருகிக்கொண்டே போகும். ஓர் உயரத்தில் அலை தாங்காமல் உடையும். உடைந்த இடத்தில்தான் பயணியின் கையிலிருக்கும் கோப்பை கூரைக்குப் போகிறது. மலை மட்டும் காரணம் என்றில்லை. இடிமேகத்தின் உச்சி, கீழ் வளிமண்டல அடுக்கின் மேல் எல்லையான ட்ரோபோபாஸை முட்டித் தள்ளும்போதும் வட்டவட்டமாக அலைகள் கிளம்பும். உயரத்தில் ஆறுபோல வேகமாக ஓடும் ஜெட் காற்றோட்டம் வளைந்து திரும்பும் இடங்களிலும் கிளம்பும்.

இந்த அலைகளுக்கு உயிரைப் பறிக்கும் பலம் உண்டு. 1966 மார்ச் 5 அன்று டோக்கியோவிலிருந்து கிளம்பிய பி.ஓ.ஏ.சி. 911 என்ற போயிங் 707 விமானம், ஃபூஜி மலைக்குப் பக்கத்தில், மேகமில்லாத பகலில் நொறுங்கி விழுந்தது. அதிலிருந்த 124 பேரும் இறந்தார்கள். 1992 டிசம்பர் 9 அன்று கொலராடோவின் ராக்கி மலைகளுக்கு மேலே 31,000 அடியில் பறந்த டி.சி-8 சரக்கு விமானம், இடப்பக்க வெளி எஞ்சினையும் இறக்கையில் 19 அடி நீளத்தையும் இழந்தது. நல்லவேளையாக டென்வரில் பத்திரமாக இறங்கிவிட்டது. என் மேசையில் வழி போடும் ஒவ்வொரு விமானத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை இந்த இரண்டு சம்பவங்களும் மறக்கவிடுவதில்லை.

ஸ்லைடரைத் திறந்தால் முதலில் வருவது, அமெரிக்காவின் ‘கோஸ்’ வரிசை வானிலைச் செயற்கைக்கோள்களில் கிழக்குப் பகுதிக்கானது எடுக்கும் ‘ஜியோகலர்’ படம். பகலில் இயற்கை வண்ணம், இரவில் அகச்சிவப்பு. கண்ணுக்கு விருந்துதான். ஆனால் நம் தேடலுக்கு அதில் அதிகம் கிடைக்காது. மேகமாக உருவெடுத்த அலைதான் அதில் தெரியும். தெளிந்த வானத்தில் ஓடும் அலை தெரியாது. இடப்பக்கப் பட்டியலில் செயற்கைக்கோளையும் பரப்பையும் தேர்ந்தெடுத்துவிட்டு, பட்டைகளின் (கருவி தனித்தனியாகப் பார்க்கும் அலைநீளப் பிரிவுகளின்) வரிசையில் 8, 9, 10 ஆகிய மூன்றுக்கும் நேராகப் போய்விடுங்கள். அவைதான் நீராவிப் பட்டைகள். முறையே 6.2, 6.9, 7.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் பார்ப்பவை.

இந்த மூன்று பட்டைகளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சேவையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நீராவி இந்த அலைநீளங்களில் கதிர்வீச்சை உறிஞ்சித் தானும் வெளியிடுகிறது. எனவே செயற்கைக்கோள் தரையைப் பார்ப்பதில்லை. நடு உயரத்திலும் மேல் உயரத்திலும் உள்ள ஈரத்தின் வெப்பநிலையைப் பார்க்கிறது. அந்த ஈர அடுக்கை அலை மேலே தூக்கினால் அது குளிர்ச்சியாகத் தெரியும். கீழே இறக்கினால் வெப்பமாகத் தெரியும். மேகம் ஒன்றுகூட இல்லாத வானத்திலும் அலையின் முகடும் பள்ளமும் மாறிமாறி வெளிர்ந்தும் இருண்டும் கோடுகளாகப் பதிவது இதனால்தான். அகச்சிவப்பு என்பதால் இரவும் பகலும் ஒன்றே. என் விமானங்களில் பெரும்பாலானவை இருட்டில் கடலைக் கடப்பவை. அந்த நேரத்திலும் கண் மூடாத ஒரு காவலாளி வாய்த்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

6.2 பட்டை உயரமான அடுக்கைப் பார்க்கிறது. 7.3 அதைவிடத் தாழ்ந்த அடுக்கை. 6.9 நடுவில். ஆகவே ஓர் இடத்தில் கோடுகளைக் கண்டால், மூன்றையும் மாற்றிமாற்றிப் பார்ப்பேன். 7.3-இல் மட்டும் இருந்து 6.2-இல் மறைந்துவிட்டால், அலை பயண உயரத்துக்குக் கீழேயே தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். மூன்றிலும் ஒரே இடத்தில் தெரிந்தால், குறிப்பாக 6.2-இல் அழுத்தமாக இருந்தால், உட்கார்ந்திருக்கும் நாற்காலியை மேசைக்கு இன்னும் அருகே இழுத்துக்கொள்வேன். ஸ்லைடரில் இந்த மாற்றம் நொடியில் நடக்கிறது. பெரிதாக்கிய இடமும் நேரமும் அப்படியே இருக்கப் பட்டை மட்டும் மாறுகிறது. வேறு பல தளங்களில் பட்டையை மாற்றினாலே படம் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். மறுபடி இடம் தேட வேண்டும். அவசர வேலையில் இருப்பவருக்கு இந்த ஒரு வசதியே போதும், இங்கேயே தங்கிவிடுவார்.

நுணுக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முந்தைய தலைமுறை கோஸ் செயற்கைக்கோள்களின் நீராவிப் படத்தில் ஒரு பிக்சல் 4 கிலோமீட்டர். அதில் அலைகள் பெரும்பாலும் கரைந்துபோகும். 2016 நவம்பரில் ஏவப்பட்ட கோஸ்-16-இலிருந்து அது 2 கிலோமீட்டராகச் சுருங்கியது. பூமியின் தெரியும் பக்கம் முழுவதையும் அடக்கிய முழு வட்டப் படம் இப்போது 10 நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. இன்று கிழக்கே கோஸ்-19, மேற்கே கோஸ்-18, ஆசியப் பக்கம் ஜப்பானின் ஹிமாவரி-9. வட பசிபிக்கை ஹிமாவரியும் கோஸ்-18-உம் பங்கிட்டுக்கொள்கின்றன. இரண்டும் ஒரே சேவைக்குள் இருப்பதால், ஜப்பானுக்குக் கிழக்கே கண்ட அலைக்கூட்டம் கடலின் நடுவை நெருங்கும்போது செயற்கைக்கோளை மாற்றி விடாமல் தொடர முடிகிறது.

இதற்கு அடித்தளம் போட்ட ஆய்வுகள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மாடிசன் வளாகத்தில் உள்ள ‘சிம்ஸ்’ நிறுவனத்தில் நடந்தவை. பூமியின் ஒரே பக்கத்தை எப்போதும் பார்த்தபடி இருக்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்களுக்கு இந்தக் கண் கிடைப்பதற்கு முன், நாசாவின் டெர்ரா, அக்குவா செயற்கைக்கோள்களின் மோடிஸ் கருவி நீராவிப் பட்டையில் 1 கிலோமீட்டர் நுணுக்கத்தோடு படம் எடுத்தது. கொலராடோ மலைகளுக்குக் கிழக்கே அந்தப் படங்களில் தெரிந்த அலைகளை விமானிகளின் அறிக்கைகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அதன் முடிவு என் வேலையின் போக்கையே மாற்றியது: ஒரே சீராக, இணையாக ஓடும் அலைகளைவிட, ஒன்றன் மேல் ஒன்று குறுக்கிட்டுச் சிக்கிக்கொண்ட அலைகள் தெரிந்த நாள்களில்தான் கொந்தளிப்பு அடிக்கடியும் கடுமையாகவும் இருந்தது. 2018-இல் அதே வளாகத்திலிருந்து வந்த இன்னோர் ஆய்வு, புதிய புவிநிலைச் செயற்கைக்கோள்களின் படங்களை வடிகட்டி, சிற்றலைகளைத் துலக்கிக் காட்டி, அவற்றை விமானங்கள் சந்தித்த கொந்தளிப்போடு பொருத்திப் பார்த்தது.

அழகான, நேர்த்தியான கோடுகளைப் பார்த்ததும் பதறுகிறவர்களுக்கு இதை வற்புறுத்திச் சொல்வேன். அலை இருப்பது வேறு, அலை உடைவது வேறு. மணிக்கணக்காக ஒரே இடத்தில் நின்று, சம இடைவெளியில் ஓடும் கோடுகளின் ஊடாக விமானங்கள் போய்வருவதைக் கவனித்திருக்கிறேன். விமானிகள் வேகமானி மெல்ல ஏறி இறங்குவதைச் சொல்வார்கள், குலுக்கலைச் சொல்ல மாட்டார்கள். நான் தேடுவது அந்த ஒழுங்கு குலையும் இடத்தை. இரண்டு திசைகளிலிருந்து வந்த கோடுகள் வலைப்பின்னலாக மாறும் இடம். இடைவெளி திடீரென்று குறுகும் இடம். முகட்டின் விளிம்பு கூர்மையாகி, அடுத்த படத்தில் காணாமல் போகும் இடம். விமானத்தை நேரடியாக உலுக்கும் சுழல்கள் சுமார் 100 மீட்டரிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் வரையிலான அளவுடையவை. 2 கிலோமீட்டர் பிக்சலில் அவை ஒருபோதும் தெரியாது. தெரிவது அவற்றைப் பெற்றெடுக்கும் அலை மட்டும்தான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளாதவர் இந்தச் சேவையைக் கொந்தளிப்புக்காகப் பயன்படுத்தவே கூடாது.

ஸ்லைடரின் உண்மையான பலம் ஓட்டம். எத்தனை படங்கள், எத்தனை நிமிட இடைவெளி, எந்த வேகம் என்பதையெல்லாம் நாமே வைத்துக்கொள்ளலாம். நின்ற படத்தில் ஒன்றுபோலத் தோன்றும் கோடுகள், ஓடவிட்டவுடன் தம் குணத்தைக் காட்டிவிடும். மலையலை அசையாது, ஈரம் அதன் ஊடே வழிந்து போகும், கோடு நின்ற இடத்திலேயே நிற்கும். இடிமேகத்தில் பிறந்த அலை வளையமாக விரிந்து நகரும். ஜெட் காற்றோட்டத்தை ஒட்டியவை காற்றோடு சேர்ந்து வழுக்கிப் போகும். நேர்க்கோட்டில், கிழக்கு மேற்காக, அளவெடுத்து வரைந்ததுபோல் கோடுகள் வந்தால் அது கருவியின் உணரிகளுக்கிடையே உள்ள சிறு வேறுபாடு; அதை ஒதுக்கிவிடலாம்.

ஒரு குளிர்கால இரவில் ஜப்பானின் ஹோன்ஷு தீவுக்குக் கிழக்கே நடந்ததைச் சொல்கிறேன். மாதிரி அந்தப் பகுதிக்கு இலேசான கொந்தளிப்பு என்றே சொல்லியிருந்தது. ஹிமாவரியின் 6.2 பட்டையில், மலைகளிலிருந்து கடலுக்குள் நீண்ட கோடுகளின் மேல், வடமேற்கிலிருந்து வந்த இன்னொரு கூட்டம் சாய்வாக ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் விமானம் அந்தச் சந்திப்பை எட்ட இன்னும் நேரம் இருந்தது. “கேப்டன், உங்கள் பாதையில் அலைகள் குறுக்கிடுவது படத்தில் தெரிகிறது. மாதிரியில் இல்லை. அந்தப் பகுதிக்கு முன்பே எல்லோரையும் உட்கார வைத்துவிட முடியுமா?” என்று செய்தி அனுப்பினேன். “உணவு வண்டிகளை உள்ளே எடுக்கச் சொல்லிவிட்டேன். நன்றி” என்று பதில் வந்தது. பிறகு மிதமான கொந்தளிப்பு என்று அறிக்கை வந்தது. பணிப்பெண்கள் உட்பட எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை. அந்தப் படம் இல்லாவிட்டாலும் விமானி சமாளித்திருப்பார். ஆனால் கொதிக்கும் தண்ணீரோடு நடைபாதையில் நின்றிருக்கக்கூடிய ஒருவர் அந்த நேரத்தில் இருக்கையில் இருந்தார். எனக்கு அது போதும்.

இனி குறைகள். முதல் குறை வண்ணம். ஸ்லைடர் நீராவிப் படங்களுக்குப் பயன்படுத்தும் வண்ண அளவுகோல், உயர்ந்த இடிமேகத்தின் கடுங்குளிரிலிருந்து வறண்ட காற்றின் வெப்பம் வரை எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடக்க வேண்டியிருக்கிறது. அலையின் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாடோ பெரும்பாலும் ஓரிரு டிகிரிதான். அத்தனை சிறிய மாறுபாடு அந்த அகன்ற அளவுகோலில் ஒரே நிறத்தின் இரண்டு சாயல்களாகத்தான் நிற்கும். பழகிய கண் பிடித்துவிடும். புதிதாக வருபவர் வெறும் சமவெளி என்று நகர்ந்துவிடுவார். வெப்பநிலையின் கீழெல்லையையும் மேலெல்லையையும் பார்ப்பவரே குறுக்கிக்கொள்ளும் வசதி வேண்டும். இவ்வளவு அக்கறையோடு கட்டிய சேவையில் இது இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அலையை வடிகட்டித் துலக்கிய படத்தைப் பட்டியலில் இன்னொரு வகையாகச் சேர்த்தால் அதைவிட நல்லது. விஸ்கான்சின் ஆய்வாளர்கள் 2018-லேயே வழியைக் காட்டிவிட்டார்கள்.

அதுவரை வீட்டில் நான் செய்வதைச் சொல்கிறேன். கணினி நிரல் எழுதக் கொஞ்சம் தெரிந்தவர்கள் முயலலாம். கோஸ், ஹிமாவரி செயற்கைக்கோள்களின் மூலத் தரவை அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா, அமேசானின் இணையச் சேமிப்பில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது. பைத்தான் மொழியில் ‘சாட்பை’ என்ற திறந்தமூல நூலகம் அந்தக் கோப்புகளைப் படித்து வெப்பநிலையாக மாற்றித் தரும். பிறகு அந்தப் படத்தையே நன்றாக மங்கலாக்கி இன்னொரு பிரதி எடுக்க வேண்டும். மூலத்திலிருந்து மங்கலானதைக் கழித்தால், பெரிய பரப்பின் ஏற்ற இறக்கம் எல்லாம் போய், சிற்றலைகள் மட்டும் மிஞ்சும். மிஞ்சியதைக் கழித்தல் 1 டிகிரிக்கும் கூட்டல் 1 டிகிரிக்கும் இடையே கறுப்பு வெள்ளையில் விரித்துப் பாருங்கள். ஸ்லைடரில் சாதுவாக இருந்த பகுதி முழுக்கக் கோடுகளாக எழுந்து நிற்கும். முதன்முதலில் அப்படிப் பார்த்தபோது, காற்று இவ்வளவு நெளிவோடுதான் எப்போதும் நகர்கிறதா என்று வியந்து போனேன். மங்கலாக்கும் அளவு மிகச் சிறிதானால் கருவியின் இரைச்சல் மேலே வரும். மிகப் பெரிதானால் மேக விளிம்புகள் குறுக்கே வரும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தப் பொறுமை வேண்டும்.

இரண்டாவது குறை, எச்சரிக்கை இல்லாமை. ஸ்லைடர் படத்தைத் தருகிறது. படத்தில் எது ஏமாற்றும் என்று சொல்வதில்லை. உதாரணமாக, கடுங்குளிர் பரவி மேலே காற்று வறண்டுபோன நாள்களில் 7.3 பட்டை தரைவரை ஊடுருவிப் பார்த்துவிடும். மலைமுகடுகளும் பள்ளத்தாக்குகளும் வரிவரியாகத் தெரியும். ஏரிகளின் கரைகூடத் தெரியும். அவை அசையாமல் நிற்பதால் மலையலை என்றே தோன்றும். நிலப்படத்தை மேலே போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும். கடலுக்கு மேல் தாழ்ந்த மேகங்களில், சிறு தீவின் பின்னால் கப்பல் கிழித்த நீர்போல விரியும் அலைகள் ஜியோகலரில் மிக அழகாக வரும். அவை பெரும்பாலும் கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்குள் அடங்கியவை. 37,000 அடியில் போகும் விமானத்துக்கு அவற்றோடு தொடர்பில்லை.

மூன்றாவது வகை ஏமாற்றம் துருவப்பாதைச் செயற்கைக்கோள்களின் இரவுப் படங்களில் வரும். சுவோமி என்.பி.பி. போன்றவற்றில் உள்ள விர்ஸ் கருவியின் இரவுப் பட்டை, நிலவில்லாத இரவுகளில் வளிமண்டலத்தின் மெல்லிய சுயஒளியையே பதிவுசெய்யும். அதில் வட்டவட்டமாக அலைகள் தெரியும். பார்த்தால் மெய்சிலிர்க்கும். ஆனால் அவை சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. அவற்றைக் காட்டி விமானம் குலுங்கும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

செயற்கைக்கோளின் நேர்கீழ்ப் புள்ளியிலிருந்து விலக விலக, 2 கிலோமீட்டர் என்ற நுணுக்கமும் குறைந்துகொண்டே போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அலாஸ்காவின் மேல் பிக்சல் நீண்டு பெருத்துவிடும். சாய்கோணத்தில் பார்ப்பதால் அதே பட்டை இன்னும் உயரமான அடுக்கைக் காட்டும். உயர்ந்த மேகம் உண்மையான இடத்திலிருந்து தள்ளித் தெரியும். 1993 மார்ச் 31 அன்று ஆங்கரேஜிலிருந்து கிளம்பிய போயிங் 747 சரக்கு விமானம் கடும் கொந்தளிப்பில் ஓர் எஞ்சினை இழந்தது அந்த வட்டாரத்தில்தான். அவ்வளவு அபாயமான மலைகளின் மேலேயே நம் கண் மங்குகிறது. அங்கே நான் ஸ்லைடரைவிட மாதிரியையும் விமானிகளின் அறிக்கையையுமே சார்ந்திருக்கிறேன். உயரத்தில் அடர்ந்த வெண்மேகம் மூடியிருந்தாலும் இதே நிலைமைதான். நீராவிப் பட்டை அந்த மேகத்தின் மேற்பரப்பை மட்டும் காட்டும். ஆனால் அந்த மேகமே காற்றோட்டத்துக்குக் குறுக்காகச் சீப்புப் பற்களாகப் பிரிந்து நின்றால் அதையும் கவனியுங்கள். இடிமேகக் கூட்டத்தின் விளிம்பிலும் ஜெட் காற்றோட்டத்தின் ஓரத்திலும் தோன்றும் அந்தக் குறுக்குப் பட்டைகள் கொந்தளிப்போடு நெருங்கிய உறவுள்ளவை என்பது நன்கு அறியப்பட்டது. அவற்றுக்கு 13-ஆம் பட்டையான 10.3 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு போதும்.

2024 மே 21 அன்று மியன்மாருக்கு மேலே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 321 விமானத்துக்கு நடந்ததுபோன்ற ஒன்றை இதில் முன்கூட்டிப் பார்த்துவிட முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். நேர்மையாகச் சொன்னால், நீராவி அலைகளைத் தேடும் இந்த முறை அதற்கு ஏற்றதல்ல. 37,000 அடியில் பறந்த அந்த விமானம், கீழிருந்து வளர்ந்துகொண்டிருந்த மேகங்களுக்கு மேலே போயிருக்கலாம் என்பது முதற்கட்ட விசாரணையின் முடிவு. விமானத்துக்குள் இருந்தவர்கள் தூக்கி எறியப்பட்டுத் திரும்ப விழுந்த அந்தக் கட்டம் 4.6 நொடிகளில் முடிந்துவிட்டது, விமானம் 178 அடி இறங்கியது, ஒருவர் உயிரிழந்தார். 10 நிமிடத்துக்கு ஒரு படம் என்ற இடைவெளிக்குள் ஒரு மேகத்தூண் எழுந்து பயண உயரத்தை எட்டிவிடும். இத்தகைய இடங்களில் அகச்சிவப்பையும், பகலானால் 0.5 கிலோமீட்டர் நுணுக்கமுள்ள கண்புலனாகும் பட்டையையும் பார்க்க வேண்டும். விமானத்தின் ராடாரும், இறுக்கிய பெல்ட்டும்தான் அங்கே முதல் காவல். கடும் இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 மைல் விலகச் சொல்லும் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் அறிவுரையை எந்தப் படமும் தளர்த்திவிடாது.

சின்னச்சின்ன விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். நேரமெல்லாம் உலகப் பொதுநேரத்தில் இருக்கும். எங்களுக்கு அது வசதி, மற்றவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். பார்த்த காட்சியின் இணைப்பை நகலெடுத்து அனுப்பினால் எதிர்முனையில் அதே இடம், அதே பட்டை, அதே ஓட்டம் திறக்கிறது. அடுத்த ஷிப்டுக்கு வேலையை ஒப்படைக்கும்போது நீண்ட விளக்கத்தை இது மிச்சப்படுத்துகிறது. படங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் இணையம் மந்தமான இடத்தில் காத்திருக்க வேண்டிவரும். அதனால் முதலில் குறைந்த படங்களோடு ஓடவிட்டு, சந்தேகம் வந்த பிறகு கூட்டுங்கள். கைபேசித் திரை இந்த வேலைக்குச் சிறியது. மங்கலான கோடுகளைப் பிடிக்க நல்ல திரையும் இருட்டிய அறையும் வேண்டும். பட்டியலில் ‘ஏர் மாஸ்’ என்ற வண்ணக் கலவையும் இருக்கிறது. மேலடுக்கின் வறண்ட காற்று கீழே இறங்கும் இடத்தைச் செம்மை கலந்த நிறத்தில் காட்டும். ஜெட் காற்றோட்டத்தின் விளிம்பைக் கண்டுகொள்ள அதை முதலில் ஒரு முறை பார்த்துவிட்டு நீராவிக்குப் போவது என் வழக்கம்.

பழைய நாள்களை ஆராய வேண்டுமென்றால் நாசாவின் ‘வேர்ல்ட்வியூ’வுக்குப் போங்கள். 2000-ஆம் ஆண்டிலிருந்து டெர்ரா செயற்கைக்கோளின் தினசரிப் படங்கள் அங்கே இருக்கின்றன. மேகமாகப் படிந்த அலைகளைப் பார்த்துப் பழக அது அருமையான இடம்; நேரலைக்கு ஸ்லைடர்தான்.

இந்தத் துறையில் அடுத்த கட்டமும் தொடங்கிவிட்டது. விஸ்கான்சின் குழுவினர் நீராவிப் படங்களையும் விமானங்கள் அனுப்பிய இ.டி.ஆர். அளவுகளையும் கொண்டு கணினியைப் பழக்கி, எங்கே கொந்தளிப்பு வர வாய்ப்பு எவ்வளவு என்று படமாகவே காட்ட முயல்கிறார்கள். அப்படியொன்று ஸ்லைடரின் பட்டியலில் ஒரு நாள் இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை. வந்தாலும் மூன்று நீராவிப் பட்டைகளையும் ஓடவிட்டுப் பார்ப்பதை நான் நிறுத்தமாட்டேன். எண் சொல்வதைப் படத்தில் சரிபார்க்காமல் ஒரு விமானியிடம் உயரத்தை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வராது.

பயணிகளுக்கு இதைப் பரிந்துரைப்பேனா? பறக்கப் பயப்படுகிறவர்கள் கிளம்பும் முன் இதைப் பார்க்க வேண்டாம். உலகில் எந்த நேரத்திலும் எங்காவது அலை ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதில் பெரும்பாலானவை யாரையும் தொடாமல் போய்விடும். படத்தைப் பார்த்துப் பதறுவதால் தூக்கம்தான் கெடும். டிஸ்பாட்சர்கள், விமானிகள், கிளைடர் ஓட்டுகிறவர்கள், வானிலை மாணவர்கள் ஆகியோருக்கு மனம்திறந்து பரிந்துரைக்கிறேன். தொடங்க விரும்புகிறவர்கள் குளிர்கால நாளொன்றில், மேற்குக் காற்று ராக்கி மலைகளைக் கடக்கும்போது, கோஸ்-19-ஐத் தேர்ந்தெடுத்து, கொலராடோவின் கிழக்குச் சரிவைப் பெரிதாக்கி, 10-ஆம் பட்டையில் தொடங்கி 8-க்கு ஏறுங்கள். எல்லைக் கோடுகளை அணைத்துவிடுங்கள், அவை அலைகளை மறைக்கும். அதே நேரத்து விமானி அறிக்கைகளை அமெரிக்க விமான வானிலை மையத்தின் தளத்தில் பக்கத்துச் சாளரத்தில் திறந்து வைத்துக்கொண்டு, எந்தக் கோட்டருகே எவர் என்ன சொன்னார் என்று பொருத்திப் பாருங்கள்.